லாபம், இரண்டு, மூன்று

பள்ளத்தூரில் நான் கடை திறக்க
நாள் பார்க்கவில்லை.
ராகு காலத்தில்தான் ஓடிபி வந்தது.
கடைப் பெயர் என்ற கட்டத்தில்
முதலில் பிள்ளையார் சுழி போட்டேன்;
செல்லாத எழுத்து என்றது திரை.
மனசுக்குள் போட்டுக்கொண்டு
நீலவிளிம்பு என்று தட்டினேன்.

சரக்கு, காரைக்குடியில் எடைக்கு எடுத்த எனாமல்.
மூடி இல்லாத தூக்கு, தூக்கு இல்லாத மூடி,
ஸ்வீடன் முத்திரை பாதி அழிந்த பேசின் ஒன்பது.
கிலோ என்ன விலை என்று கேட்காதீர்கள்.
வாங்கிய விலையை வாயில் வைக்காதவளுக்கே
விற்ற விலை கையில் நிற்கும்.

சில்லு பெயர்ந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி
நல்ல கன்னத்தை மட்டும் படம் எடுத்தேன்,
பெண்பார்க்க அனுப்பும் படம்போல.
கோயம்புத்தூர் போன தட்டு
எட்டாம் நாள் என் வாசலில்.
போன கூலி வந்த கூலி என் தலையில்.
அன்றிலிருந்து காயத்துக்குத் தனிப் படம்,
பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு வைத்து
இத்தனை பெரிது என்று.
அதற்குப் பிறகுதான் விற்றது.

நடுவில் ஒருவர் பேசினார்.
ராணுவத்தில் இருக்கிறாராம்,
பேசின் ஒன்பதும் வேண்டுமாம்.
பேரமே பேசவில்லை.
அங்கேயே எனக்கு வயிறு கலங்கியிருக்க வேண்டும்.
கட்டம் கட்டமாய் ஒரு படம் அனுப்பி
"ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க,
பணம் உங்களுக்கு வந்துரும்" என்றார்.
மூன்று எண் போட்டுவிட்டேன்.
நாலாவதுக்கு முன் அடுப்பில் பால் பொங்கியது.
ஓடிப்போய் இறக்கும்போதுதான் உறைத்தது:
என் பெட்டியில் யாரோ பணம் போட
என் சாவி எதற்கு?

பால் போனது.
பணம் இருந்தது.

பத்தொன்பதாவது ஆர்டர்
அதே பின்கோடு. அதே தெரு.
எங்கள் கதவுக்கு அடுத்த கதவு.
அடைக்கம்மை.
கொல்லைச் சாக்கடைக்கு
எங்கள் பக்கம் வாட்டமா, அவர்கள் பக்கம் வாட்டமா என்று
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.

எட்டிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் ஒரு தூக்கை
குமிழ்த்தாளில் சுற்றி, அட்டையில் இறுக்கி,
கவனம் என்று இரண்டு பக்கம் எழுதிக்
கூரியர் தமீமிடம் கொடுத்தேன்.
முகவரியைப் படித்தார். என்னைப் பார்த்தார்.
சுவரைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் பைக்கில் வைத்தார்.

தூக்கு காரைக்குடி போனது, மதுரை போனது,
ஒரு ராத்திரி அங்கே கிடங்கில் தங்கியது,
திருச்சியை எதற்குப் பார்த்தது என்று
யாருக்கும் தெரியாது.
நாலாம் நாள் அதே தமீம், அதே பைக்,
பக்கத்து வீட்டு மணி.
கொல்லையில் நின்று
அட்டை கிழியும் சத்தம் கேட்டேன்.
பிறகு சத்தமே இல்லை.
அனுப்புநர் முகவரியை வாசிக்கிறாள்.
இந்தக் கடையில் ஒளிந்து விற்க முடியாது.

திருப்பி அனுப்ப அவளுக்கு ஏழு நாள்.
ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் பொய்.
இறங்கியது, மெதுவாக.
ஆறாம் நாள் நான்கு நட்சத்திரம்:
"கட்டிய விதம் நன்று. கைப்பிடி ஆடுகிறது.
இதற்கு மூடி கிடைக்குமா?"

ஊருக்கே தெரிய எழுதினேன்:
"மூடி நூற்று இருபது. கூரியர் எழுபது.
நேரில் பெற்றுக்கொண்டால் கூரியர் இல்லை."

எழுபது ரூபாய் எழுபது ரூபாய்தான்.
மறுநாள் காலை சுவருக்கு மேல் ஒரு கை வந்தது,
கையில் பத்து ரூபாய்த் தாள்கள்.
முகம் வரவில்லை, குரலும் இல்லை.
மூடியைக் கொடுத்தேன்.
தாள்களை எண்ணினேன்,
வழக்கத்தைவிடச் சத்தமாக,
அந்தப் பக்கம் கேட்கும்படி:

லாபம், இரண்டு, மூன்று.